கட்டிலின் வலது பக்கம்

ஆஸ்பத்திரியில் டாக்டர் நிற்பது நோயாளியின் வலது கைப் பக்கம். நர்ஸ் நிற்பது இடது கைப் பக்கம். இதை எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். வலது பக்கம் நின்று வயிற்றை அமுக்கிப் பார்க்கவும் நெஞ்சைத் தட்டிப் பார்க்கவும் டாக்டர்களைக் கல்லூரியிலேயே பழக்கிவிடுகிறார்கள். எங்களுக்கு மீதி இருப்பது இடது பக்கம். நோயாளி வலது கையால் சாப்பிட வேண்டும் என்பதால் ட்ரிப்பை இடது கையில் போடுவோம். ஸ்டாண்டும் அந்தப் பக்கமே நிற்கும், ஸ்டாண்டோடு நாங்களும் நிற்போம். டாக்டர் கையை நீட்டினால் டார்ச், மறுபடி நீட்டினால் ஸ்டெதாஸ்கோப். என்ன வேண்டும் என்று அவர் வாயைத் திறக்கும் முன்னால் எடுத்துக் கொடுக்கிறவளுக்கு நல்ல சிஸ்டர் என்று பெயர். எனக்கு அந்தப் பெயர் இருந்தது.

விருத்தாசலத்தில் ஜங்ஷனுக்குப் போகிற ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். வேப்பூர் ஹைவேயில் அடிபட்டவர்களும், ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து வயல்களில் பாம்பு கடித்தவர்களும், செராமிக் கம்பெனிகளில் வேலை பார்த்து மூச்சு வாங்குகிறவர்களும் அங்கேதான் வருவார்கள். டாக்டர் ஒருவர்தான், ஆஸ்பத்திரியும் அவருடையதுதான். அவர் ஐ.சி.யூ.வில் நின்றால் ஓ.பி.யில் காத்திருக்கிறவர்கள் சத்தம் போடுவார்கள். ஓ.பி.யில் உட்கார்ந்தால் ஐ.சி.யூ.விலிருந்து நாங்கள் போன் போட்டுக்கொண்டே இருப்போம். இந்த இழுபறி தாங்காமல்தான் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைப் பற்றி அவரே என்னிடம் பேச்செடுத்தார். டிகிரி முடித்து வேலை பார்த்த நர்ஸுகளுக்கான ரெண்டு வருஷ மேல்படிப்பு அது. நோயாளியைப் பரிசோதித்து, என்ன கோளாறு என்று ஒரு முடிவுக்கு வந்து, டாக்டரோடு முன்கூட்டிப் பேசி வைத்த முறைப்படி வைத்தியத்தை ஆரம்பிக்கக் கற்றுக்கொடுப்பார்கள்.

"படிச்சிட்டு வாங்க சிஸ்டர். ஐ.சி.யூ.வுல மொதல்ல பாக்குற ஆளு நீங்களா இருங்க" என்றார். "ஆனா ஒண்ணு. நின்னு முடிவு சொல்ற ஆளுதான் எனக்கு வேணும். என்னைக் கூப்புட்டுக் கேக்குற ஆளுங்க இங்க நெறைய இருக்காங்க. அது வரலைன்னா பழைய வார்டுதான், சொல்லிட்டேன்."

வீட்டில் என் கணவர் கேட்டார்: "முடிச்சா டாக்டரா?"

"இல்ல."

"அப்ப நர்ஸுதான?"

"நர்ஸுதான். ஆனா வேற மாதிரி."

"என்னமோ சொல்ற. சரி, போயிட்டு வா" என்று ஜங்ஷனில் வந்து ரயில் ஏற்றிவிட்டார். அதற்கு மேல் விளக்கிச் சொல்ல எனக்கும் அப்போது தெரியாது.

கல்லூரி கடற்கரைப் பக்கம் இருந்தது. வகுப்பில் நான்தான் மூத்தவள். எங்களுக்குப் பாடம் எடுத்த மேடம் என்னைவிடச் சின்னவர். வகுப்பில் மரியாதையாகப் பேசுவார், வகுப்பறையைத் தாண்டினால் அக்கா என்பார். படிப்பு ஒன்றும் என்னைப் பயமுறுத்தவில்லை. இருதயம் எப்படி அடிக்கிறது, சிறுநீரகம் எப்போது மக்கர் செய்யும் என்பதையெல்லாம் இத்தனை வருஷம் கண்ணால் பார்த்தவளுக்குப் புத்தகத்தில் படிப்பது பெரிய காரியமில்லை. என் கால்கள்தான் எனக்குத் துரோகம் செய்தன.

பயிற்சி அறையில் பொம்மை நோயாளி படுத்திருக்கும். "வந்து பாருங்க" என்று மேடம் சொன்னதும் நான் நேராக இடது பக்கம் போய் நிற்பேன். பொம்மைக்கு ட்ரிப் கூட இருக்காது. "அக்கா, அங்க என்னக்கா இருக்குது? இந்தாண்ட வாங்க" என்பார். சுற்றிக்கொண்டு வருவேன். மறுநாளும் இதே கூத்து நடக்கும். என்னோடு படித்த பெண்கள் வேலைக்குப் போய்க் கொஞ்ச காலமே ஆனவர்கள், அவர்கள் சட்டென்று மாறிக்கொண்டார்கள். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. போகப் போக வலது பக்கம் நிற்கப் பழகினேன், அதுவும் அறையில் டாக்டர் யாரும் இல்லாதபோது மட்டும். வார்டில் நான் பாட்டுக்குப் பரிசோதித்துக்கொண்டிருப்பேன். கழுத்தில் ஸ்டெத்தோடு ஒருவர் உள்ளே நுழைவார். அடுத்த நிமிஷம் நான் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருப்பேன். எப்போது நகர்ந்தேன் என்று எனக்கே தெரியாது.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு டாக்டர் தேர்வாளராக வந்திருந்தார். தலை நரைத்தவர், அதிகம் பேசாதவர். காமாலையும் காய்ச்சலுமாக வந்திருந்த ஒரு விவசாயியை எனக்குக் கொடுத்திருந்தார்கள். தேர்வாளர் கட்டிலின் வலது பக்கம் வந்து நின்று, ஆரம்பிக்கலாம் என்பதுபோல நோயாளியை நோக்கிக் கையை நீட்டினார். நான் என் கழுத்திலிருந்த ஸ்டெத்தைக் கழற்றி அந்தக் கையில் வைத்தேன். வைத்துவிட்டு இடது பக்கம் போய் நின்றும் கொண்டேன்.

அவர் ஸ்டெத்தைப் பார்த்தார். "பரீட்சை எனக்கா, உங்களுக்கா?" என்றார்.

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது. ஸ்டெத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"அங்க நின்னுகிட்டு ஈரல எப்படித் தொட்டுப் பாப்பீங்க?"

கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்தேன். அவர் இருந்த இடத்திலேயே நின்றார். வேண்டுமென்றுதான் நின்றார் என்று பிறகு மேடம் சொன்னார். எனக்கு அப்போது அது தோன்றவில்லை. சார், கொஞ்சம் நகருங்க என்று சொன்னால் முடிந்தது. தள்ளுவண்டிக்காரரிடம் சொல்கிறோம், பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்கிறோம். ஒரு டாக்டரிடம் மட்டும் நான் அதைச் சொன்னதே இல்லை. வாய் வரவில்லை. அவருக்குப் பின்னால் எத்தனை நேரம் நின்றேனோ, கட்டிலில் படுத்திருந்த விவசாயிதான் பொறுக்க மாட்டாமல் சொன்னார்:

"சார், சித்த நவுருங்க. அந்தம்மா உள்ள வரணும் போலக்குது."

தேர்வாளர் நகர்ந்தார். அதன் பிறகு எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஈரல் வீக்கத்தையும் சரியாகச் சொன்னேன். மதிப்பெண்ணைக் கிள்ளித்தான் போட்டார்கள், ஆனாலும் பாஸ். "நோயாளி சிபாரிசுல பாஸானது நீங்க ஒருத்தர்தான்க்கா" என்று மேடம் வெகுநாள் கிண்டல் செய்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் அவமானமாகத்தான் இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் டாக்டர் சொன்னபடியே ஐ.சி.யூ.வில் போட்டார். அவர் இல்லாதபோது நன்றாகவே வேலை நடந்தது. பரிசோதித்தேன், முடிவு சொன்னேன், மருந்தை ஆரம்பித்தேன். அவர் வந்து பார்த்துத் தலையை ஆட்டுவார். ஆனால் பாதியில் அவர் நுழைந்துவிட்டால் போச்சு. வலது பக்கத்தைக் காலி செய்துவிட்டு, "சார், நீங்க ஒருவாட்டி பாத்துடுங்களேன்" என்பேன். அவர் கோபிக்கிற ஆள் இல்லை. ஒரு மதியம் கை கழுவிக்கொண்டே, "இந்த மாசம் பாக்கலாம் சிஸ்டர். வரலைன்னா வார்டுக்கே போயிடுங்க, தப்பா நெனைக்க மாட்டேன்" என்றார். தப்பாக நினைக்க மாட்டேன் என்று சொன்னதுதான் அதிகம் வலித்தது. எதற்காக ரெண்டு வருஷம் வீட்டை விட்டுவிட்டு ரயில் ஏறினேன் என்று அன்றைக்கு அழுகை வந்தது.

அந்த மாசம் முடிவதற்குள் செராமிக் கம்பெனியில் சூளையில் வேலை பார்க்கிற ஒருவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். மண் தூசியில் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்த நெஞ்சு. காலையில் திடீரென்று மூச்சுத் திணறல் வந்து, பக்கத்துக் கிளினிக்கில் ட்ரிப்பைப் போட்டு எங்களிடம் அனுப்பிவிட்டார்கள். கூட வந்த அவர் மனைவியும் அதே கம்பெனிதான், வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தது கையில் காய்ந்திருந்த வெள்ளை மண்ணில் தெரிந்தது. ஆக்ஸிஜன் வைத்துவிட்டு நெஞ்சில் ஸ்டெத்தை வைத்தேன். இடது பக்கம் மூச்சு போய் வருவது கேட்டது. வலது பக்கத்துக்கு நகர்த்தப்போனபோது கதவு திறந்தது. டாக்டர் வந்து கட்டிலின் வலது பக்கம் நின்றார். நான் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"என்ன சிஸ்டர்?" என்றார்.

சொல்வதற்குப் பாதி விஷயம்தான் என்னிடம் இருந்தது. மீதி அவர் நின்ற பக்கத்தில் இருந்தது. சூளைக்காரரின் உதடு கறுத்துக்கொண்டு வந்தது. இந்தத் தடவை எனக்காகப் பேச நோயாளியாலும் முடியாது. எனக்குப் பயமாக இருந்தது. கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனேன்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நான் இன்னும் பாத்து முடிக்கல."

குரல் என்னுடையது மாதிரியே இல்லை. டாக்டர் மறுபக்கம் போனார். வலது நெஞ்சில் ஸ்டெத்தை வைத்தேன், மூச்சுச் சத்தமே இல்லை. விரலால் தட்டினேன், காலிப் பானையைத் தட்டுகிற மாதிரிக் கேட்டது.

"வலது நுரையீரல் சுருங்கிக் கெடக்குது சார். காத்து வெளிய வந்து நெஞ்சுக்குள்ள நிக்குது. ட்யூப் போட்டு எடுக்கணும்."

"நிச்சயமா?"

"நிச்சயம் சார். எக்ஸ்ரே மெஷினக் கொண்டாரச் சொல்றேன். அதுக்குள்ள மோசமானா காத்திருக்க வேணாம்."

"சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். எக்ஸ்ரே மெஷின் வருகிற வரை நான் நோயாளியின் மூச்சைப் பார்த்தபடி வலது பக்கமே நின்றேன். டாக்டர் இடது பக்கம், கையை எங்கே வைப்பது என்று தெரியாதவராக நின்றார். ட்ரிப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்த சூளைக்காரரின் மனைவி, பக்கத்தில் நின்ற டாக்டரிடம் சொன்னார்:

"பாட்டிலு தீந்துடிச்சுங்க. மாத்திடுங்க, காத்து உள்ள போயிடப் போவுது."

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்குக் கை பரபரத்தது. இத்தனை வருஷம் நான் செய்த வேலை. போகாமல் நின்றேன். அவர் மேஜையிலிருந்து புது பாட்டிலை எடுத்து, பழையதைக் கழற்றி, மெதுவாக மாட்டினார். ட்ரிப் ட்யூபில் சின்னதாய் ஒரு காற்றுக் குமிழி நின்றது.

"சார், குமிழி நிக்குது" என்றேன். "தட்டி விட்டுடுங்க."

தட்டிவிட்டார்.