விழுகிற சத்தம் மட்டும்

கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, அத்தான் உள்ளே தனியாக உட்கார்ந்து அலறிக்கொண்டிருந்தார். லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டு வாசலில்தான் கார் நின்றது. பக்கத்து வீட்டுக்காரி பதறிப்போய் என்னைக் கூப்பிட, நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். அவர் கண்ணாடியை இறக்கி, "படியில இருந்து உருண்டு விழுறன், பிள்ளை. கேக்க விழுற மாதிரி இருக்கோ?" என்றார்.

அத்தான் என் அக்காவின் கணவர். மினிகேப் என்ற வாடகைக் கார் ஓட்டுபவர். எங்கள் ஈழத்துச் சனங்களின் கலைவிழாக்களில் நகைச்சுவை நாடகம் போடுவார். அவர் வாய் திறக்கும் முன்பே சபை சிரிக்கத் தொடங்கிவிடும். வீட்டில் மட்டும் யாரும் அதை ஒரு திறமையாக மதித்ததில்லை. அப்படிப்பட்டவருக்கு, ஒரு ஸ்பானியப் படத்தின் கதாநாயகனுக்குத் தமிழில் குரல் கொடுக்கும் வாய்ப்பு வந்தபோது அவருடைய நடையே மாறிப்போயிற்று.

படம் ஓர் அசட்டுத் துப்பறிவாளனைப் பற்றியது. எவளைப் பின்தொடரச் சொன்னாலும் வேறொருத்தியின் பின்னால் போவான். குளியலறையில் ஒளிந்திருந்து, பெரிதாக ஏப்பம் விட்டு அகப்படுவான். கால்சட்டை கழன்ற நிலையில் தெருவில் ஓடுவான். பாதிப் பகிடிகளை வீட்டில் சொல்லிக்காட்ட முடியாது. அக்கா முகம் சுளித்தாள். அத்தானுக்கோ அவன்மேல் பாசம் வந்துவிட்டது. "அவன் கெட்டவன் இல்லை. என்ன செய்தாலும் அவனுக்குச் சரிவருகுதில்லை, அவ்வளவுதான்" என்பார்.

ஒலிப்பதிவைக் கவனித்தவர் சென்னையிலிருந்து வந்த ஓர் இளம்பெண். "சார், 'ஓம்' வேணாம், 'ஆமா'ன்னு சொல்லுங்க. 'வாறன்' இல்ல, 'வரேன்'" என்று திரும்பத் திரும்பத் திருத்தினாராம். அத்தான் காரோட்டும்போதெல்லாம் அந்தத் தமிழைச் சொல்லிப் பழகினார். பின்னால் இருக்கும் பயணிகள் அவர் போனில் யாருடனோ பேசுவதாக நினைத்திருப்பார்கள்.

படம் இணையத்தில் வெளிவந்த வாரம், ஞாயிறு மத்தியானம், அத்தான் புட்டும் இறைச்சிக்கறியும் சமைத்து உறவினரையெல்லாம் கூப்பிட்டார். கோயில் நிர்வாகத்திலிருந்த பெரியவர் ஒருவரும் மனைவியோடு வந்திருந்தார். துப்பறிவாளன் திரையில் தோன்றி வாய் திறந்தான். வந்தது அத்தானின் குரல் அல்ல. யாரோ ஒருவர் தங்குதடையின்றிச் சென்னைத் தமிழில் பேசினார். அத்தான் டிவியின் ஒலியைக் கூட்டினார், கூட்டினால் தன் குரல் வந்துவிடும் என்பதுபோல. அப்போது அவன் படியில் வழுக்கினான். அந்த அலறல் அத்தானுடையது. பிறகு ஏப்பம். அதுவும் அவருடையதுதான். பிறகு அதைவிட மோசமான ஒரு சத்தம். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். அவருக்கு வேறெங்கோ போக வேண்டியிருந்ததாம். அக்கா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் நானே படத்துக்குத் தமிழ்க் குரல் சேர்த்த நிறுவனத்துக்குப் போன் எடுத்தேன். "மேடம், அவர் ஸ்லாங் எல்லாருக்கும் புரியாதுன்னு மேல சொல்லிட்டாங்க. ஆனா அவரோட சத்தமெல்லாம் பிரமாதம், அதனால வெச்சுக்கிட்டோம்" என்றார் ஒலிப்பதிவைக் கவனித்த அந்தப் பெண். இதைப் பாராட்டாகவே சொன்னார். வசனத்துக்கு வேறு குரல் போடப் போவதாக ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

இந்த வருடம் அதன் இரண்டாம் பாகத்துக்கு அத்தானை மறுபடி அழைத்தார்கள். சத்தங்களுக்கு மட்டும்.

"போகாதேங்கோ அத்தான். உங்களுக்கு ரோசமே இல்லையோ?" என்று கத்தினேன்.

"போறன். எனக்கு அந்த அறையும் மைக்கும் பிடிச்சிருக்கு" என்றார், என் முகத்தைப் பாராமல்.

அவர்மேல் எனக்கு வந்த கோபம் அந்த நிறுவனத்தின்மேல் வந்ததைவிடப் பெரிது. சில வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை. படம் வந்ததும், இம்முறை யாரையும் அழைக்காமல், அக்காவையும் என்னையும் மட்டும் உட்காரவைத்தார். சென்னைத் தமிழிலேயே பேசிக்கொண்டுபோன துப்பறிவாளன், மாடத்திலிருந்து தவறி விழும்போது, "ஐயோ, செத்தன்!" என்று அலறினான். அத்தானின் குரல்; 'செத்தேன்' அல்ல, எங்கள் ஊர்ப் பேச்சின் 'செத்தன்'. அதை வெறும் அலறல் என்று நினைத்து விட்டுவிட்டார்கள் போலும்.

அத்தான் அந்த இடத்தை மறுபடி போட்டுக் காட்டினார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "கேட்டதோ, பிள்ளை?" என்றார் என்னிடம்.

"ஓம்" என்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதனுடைய பேச்சில் ஒரு சொல்லாவது படத்துக்குள் போவதற்கு அவன் மாடத்திலிருந்து விழவேண்டியிருக்கிறது.