பிரேக்குக்குப் போட்ட வயர்

வயரிங்காரர் தங்கச்சி முகத்துக்காகத்தான் அவள் புருஷனை இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டிருந்தார். கரண்டில் வேலை செய்யும் டிரெய்லர் பிரேக் பிடிக்காமல் குடோன் கேட்டில் இடித்தவன், இன்று பட்டறைக்கே வந்து எகிறினான்.

"பிரேக்கைக் கழட்டிட்டு வயர்ல மீட்டர் வச்சேன் மச்சான். பன்னெண்டு வோல்ட் காட்டுது. நீங்க மாட்டுன பிரேக்குதான் சொத்தை."

அவர் பிரேக்கை மாட்டி, அவனை மிதிக்கச் சொல்லிவிட்டு மீட்டரை வைத்தார். எட்டு வோல்ட்டுக்கு இறங்கியது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால், அவர் இழுத்த தடித்த வயரைக் காணோம். பிரேக் இழுக்கும் கரண்டைத் தாங்காத, நூல் மாதிரி ஒன்று ஓடியது. தடித்தது கேபினில், புது ஸ்பீக்கருக்குப் போயிருந்தது.

"இடிக்கிறப்ப எந்தப் பாட்டு மாப்ள ஓடுச்சு?" என்றார்.