வாசலில் தொங்கிய ஓலைக்குடை

எங்கள் வாசல் ஆணியில் ஒரு ஓலைக்குடை தொங்கும். அது தொங்கினால் அத்தை வீட்டில் இருக்கிறாள், வியாதிக்காரருக்கு ஜெபிக்கக் கூப்பிடலாம் என்று முக்கூடல் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் தெரியும். அப்பாவின் அக்கா அவள், விதவை, சபையில் ஊழியக்காரி. வீடுவீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுப்பாள். கூப்பிட்ட வீட்டுக்கு வரமுடியாது என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஊரில் வாந்திபேதி கண்ட வருஷம், வேதக்கோயிலில் சாவுமணி அடிக்காத நாள் அபூர்வம். அத்தை சோற்றில் கைவைத்தபடியே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வீட்டில் பரமண்டல ஜெபம் பாதியில் மறந்துபோய், திறந்த வாய் மூடாமல் நின்றாளாம். அம்மா கெஞ்சினாள்.

"மைனி, ஒரு நாளாவது குடையை உள்ள எடுத்து வைங்க."

"ஏளா, ஆண்டவர் கேட்டா நீயா பதில் சொல்லுவ?" என்றாள் அத்தை.

மறுநாள் சாயங்காலம் அவள் வீடு திரும்பவில்லை. நானும் அம்மாவும் தேடிக்கொண்டு ஆற்றுத்துறைக்குப் போனோம். மேற்கே மலையில் மழை. தண்ணீர் கலங்கி ஏறிக்கொண்டிருந்தது. அத்தை இடுப்பளவு நீரில் அசையாமல் நின்றாள். அம்மா இறங்கிக் கையைப் பிடித்தபோது, "எந்தக் கரை நம்ம கரைன்னு தெரியல ளா" என்றாள்.

அன்றே அம்மா குடையை உள்ளே வைத்துக் கதவைத் தாழிட்டாள். விடிந்ததும் வாசலில் தெற்குத் தெரு அண்ணாச்சியின் குரல்: "எங்க அம்மைக்கு முடியல. குடையைக் காணோமே, ஊழியக்காரம்மாவுக்கும் பேதி பயம் வந்துட்டு போல." அத்தை எழுந்தாள். அம்மா கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"வந்தா வழியிலயே விழுந்துருவாக அண்ணாச்சி. இன்னைக்கு வரமாட்டாக."

மத்தியானம் சாவுமணி அடித்தது. அத்தை அழவில்லை. சுவரைப் பார்த்தபடி, "நான்தான் கொன்னேன்" என்று பைய சொன்னாள்.

அடக்கத்துக்கு அவளோடு நானும் போனேன். திட்டுவார்கள் என்று பயந்து ஓரமாக நின்றோம். அண்ணாச்சியின் மனைவி வந்து, "நீங்க வரலன்னதும் நானே சங்கீதம் வாசிச்சேன், நீங்க சொல்லித் தந்ததுதானே. எங்க மாமியா கேட்டுக்கிட்டே கண்ணை மூடினாக" என்றாள். என் அத்தை வெகுநேரம் அவள் கையை விடவில்லை. திரும்பும் வழியில், "நான் போகாத வீட்டுக்கும் ஆண்டவர் போயிருக்காரு ளா" என்றாள்.

அதன்பின் ஞாயிறு ஆராதனை முடிந்தால் திங்கள் விடியும்வரை குடை உள்ளேதான். ஏசினவர்கள் ஏசினார்கள். கடைசிவரை, எடுத்துவைக்குமுன் தெற்குத் தெருப் பக்கம் ஒருமுறை பார்ப்பாள்.

அவளுக்குப் பின் அந்த ஊழியம் எனக்கு வந்தது. ஓலை பலமுறை மாற்றியாயிற்று. காம்பு மட்டும் அவளுடையது. இன்று ஞாயிறு. மேற்கே கறுத்துக் கிடக்கிறது. தெற்குத் தெருவில் காய்ச்சல் என்கிறார்கள். அங்கே வாசிக்கத் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள். குடையை உள்ளே வைத்துத் தாழிடுகிறேன். காது மட்டும் கோயில் மணியை எதிர்பார்த்துக் கிடக்கிறது.