சரோஜினி டீச்சர் எழுதிய விண்வெளித் தோட்டம்

சரோஜினி டீச்சர் நேற்று காலமாகிவிட்டார். லுணுகலையில், மகள் வீட்டில்...

செய்தி சொன்ன நண்பர், "உங்களோட படிப்பிச்சவங்கதானே, நாலு வரி எழுதுங்க" என்றார். எழுதுகிறேன். ஆனால் இதில் என்னைப் பற்றி நல்லதாக எதுவும் இல்லை.

எழுபதுகளின் கடைசி. பதுளையில் ஒரு பாடசாலை. நான் இங்லிஷ், அவர் சயன்ஸ். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், சயன்ஸ் ஃபிக்‌ஷன். அதிலும் கணக்குப் பிசகாத ரகம். லைப்ரரியில் இருந்த பத்துப் பன்னிரண்டு நாவல்களையும் மாற்றி மாற்றி எடுப்போம்.

பஸ்ஸில் அதே பேச்சுதான். "ராக்கெட் எவ்வளவு வேகமாப் போகுதுன்னு பக்கம் பக்கமா எழுதுறாங்க சார். அதுல யாரு சமைக்கிறா, யாரு கூட்டுறா? ஒருத்தரையும் காணோமே" என்பார்.

ஒருநாள் ஒரு கொப்பியை நீட்டினார். அவரே எழுதிய கதை. தமிழில்!

விண்வெளியில் சுற்றும் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கேயும் தொழிலாளர்களுக்கு லயம் என்கிற வரிசை வீடுகள், குடும்பத்துக்கு ஓர் அறை. செலவை மிச்சம் பிடிக்க நிர்வாகம் அந்த அறைகளில் மட்டும் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது, யாருக்கும் சொல்லாமல். தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. ஆனால் தேத்தண்ணியில் சாயம் இறங்கவில்லை. அதை வைத்தே ஒரு பெண் விஷயத்தைக் கண்டுபிடித்துவிடுகிறாள்...

இதற்காக லேப் தெர்மாமீட்டரை எடுத்துப்போய், பதுளையிலும் அதைவிட உயரமான ஹப்புத்தளையிலும் தண்ணீர் கொதிக்கவைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டு அளவையும் ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார்.

பாடசாலை மலருக்கு நான்தான் பொறுப்பு. ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் கொப்பியைத் தூக்கிக் காட்டினேன். "என்ன டீச்சர், ஆகாயத்துக்குப் போயும் லயத்த விடமாட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார்.

"கணக்குல பிழை இருந்தா சொல்லுங்க சார், திருத்திடுறேன்."

கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

நான் தெமோதரைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவன். அம்மா கொழுந்து பறித்தவர். ஸ்கூலில் டவுன் மாமாவின் விலாசத்தைத்தான் கொடுத்திருந்தேன். யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதென்றுதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

கதையை மலரில் போடவில்லை. அதற்குப் பிறகு டீச்சர் பஸ்ஸில் முன் சீட்டில் தனியாக உட்காரத் தொடங்கினார்.

ரிட்டயராகிப் பல வருடம் கழித்து, இப்போதுதான் அந்த வகை நாவல்களைத் திரும்பப் படிக்கிறேன். பழையவற்றில் கணக்கு இன்னும் அசையாமல் நிற்கிறது. ஆனால் கப்பல் நிறைய கேப்டனும் இன்ஜினியரும்தான். புதியவற்றில் காற்றுக்குழாய் கழுவுகிறவள் வாய் திறக்கிறாள், கேள்வி கேட்கிறாள். ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன்... டீச்சர் இதை அப்போதே எழுதிவிட்டாரே.

டீச்சரின் ஃபோன் நம்பர் இருந்தது. ஒருமுறை எடுத்தேன். "யாரு பேசுறது?" அவர் குரலேதான். கட் பண்ணிவிட்டேன்.

இன்று காலை ஃபோனில் டீச்சரின் மகளிடம் அந்தக் கதையைப் பற்றிக் கேட்டேன். "அம்மா கதையெல்லாம் எழுதுவாங்களா சார்?" என்றார்.

கதையைச் சொன்னேன். ஸ்டாஃப் ரூமில் நடந்ததையும் சொன்னேன். அவர், "மூணு மணிக்கு எடுக்குறோம். வாங்க" என்றார்.

கிளம்புகிறேன்.

மன்னிச்சிருங்க டீச்சர்... போயிட்டு வாங்க.