நான்கு சிலிண்டரும் ஒரே அளவில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையது. கார் மேல் தப்பில்லை, பெட்ரோல் மேல் தப்பில்லை, என் மைத்துனன் மேல் அறவே இல்லை. இதைச் சொல்லவேண்டிய நாளில் வேறொன்றைச் சொல்லிவிட்டு இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். என்னத்தைச் சொல்ல.

செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. காரைக்காலில் அரசலாற்றுக் கரையில் எனக்கு ஒரு பட்டறை இருந்தது. லாஞ்சு என்கிற மீன்பிடி விசைப்படகுகளின் இன்ஜின் வேலைதான் பிழைப்பு. கூட வேலை பார்த்தவன் என் மனைவியின் தம்பி. கடற்கரையோரக் கோட்டுச்சேரிமேட்டுக்காரன். முப்பது வயது, நெட்டையான ஆள், அதிகம் பேசமாட்டான். எட்டு வருஷம் என்னோடு இருந்தான். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவான். நான் மூடியைக் கழற்றிப் பார்த்தால் அதுவேதான் இருக்கும். என்னைவிடக் கெட்டிக்காரன் என்று எனக்குத் தெரியும். ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் அவனுக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்வேன். உண்மையில் எனக்குத்தான் வயிறு எரிந்தது.

பக்கத்தில் தருமபுரத்துக்காரர் ஒருவர் இருந்தார். பிரான்ஸ் குடியுரிமைக் குடும்பம். பாரிசுக்கு வெளியே சொந்தமாக ஒரு கார் பட்டறை வைத்திருந்தார், வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வந்துபோவார். ஊரில் எல்லாரும் அவரை முசே, பிரெஞ்சில் ஐயா, என்று கூப்பிடுவோம். கடைசிக் காலத்தை இங்கேதான் கழிக்கப்போகிறேன் என்று சொல்லி, தன்னுடைய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கப்பலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்திருந்தார். இரண்டே சீட்டு. தரையோடு தரையாக இருக்கும். நம் ரோட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் அது தெருவில் போனால் ஆட்கள் சோற்றுக் கையோடு எழுந்து வந்து பார்ப்பார்கள்.

ஒரு பொங்கலுக்கு முசே வந்திருந்தபோது, என் மைத்துனன் அந்தக் கார் இன்ஜினைக் காதாலேயே சரிபார்த்ததைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டார். அன்றைக்கே, "இவன நான் கூட்டிட்டுப் போறேன் மேஸ்திரி. ஆகஸ்ட்ல வரும்போது வேல பேப்பரோட வர்றேன்" என்றார். பிரான்ஸ்! என் மனைவி அன்று அழுதுகொண்டே சிரித்தாள். அவள் பிறந்த வீட்டில் கடலைத் தவிர வேறு வழியைப் பார்த்தவர் கிடையாது. கோட்டுச்சேரிமேட்டில் என் மாமியார் தெருவையே கூட்டிச் சொல்லிவிட்டார்.

முசே கிளம்பும்போது காரை என் பட்டறையில் விட்டார். தான் வரும்வரை ஓட்டவேண்டாம், பத்திரமாக இருந்தால் போதும் என்றார். பேட்டரியைச் சார்ஜ் பண்ணுவதும் துடைப்பதும் மைத்துனன் வேலை. சாவியும் அவனிடம்தான் இருந்தது.

ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் லாஞ்சுகள் எல்லாம் கரைக்கு வந்துவிடும். அப்படியே போட்டுவைத்தால் உப்புக்காற்று இன்ஜினுக்குள் புகுந்து சிலிண்டரில் துரு ஏறும். அதனால் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, ஆயிலில் நனைத்து, உருட்டி, இன்ஜின் காற்று இழுக்கும் வாயிலும் புகைக்குழாயிலும் இறுக்கிச் சொருகுவோம். துணியின் ஒரு முனையை வால் மாதிரி வெளியே நீளமாக விட்டு, ஸ்டார்ட் பண்ணுகிற இடத்தில் கட்டிவைப்போம். தடை முடிந்து கடலுக்குப் போகிற அன்று லாஞ்சு டிரைவர் வாலைப் பார்ப்பான், உருவிப் போடுவான், ஸ்டார்ட் பண்ணுவான். சொருகுவது என் வேலை. உருவுவது டிரைவர் வேலை. இத்தனை வருஷத்தில் நானாக ஒரு துணியைக்கூட உருவியதில்லை.

அந்த ஏப்ரலில் நாற்பது லாஞ்சுக்குச் சொருகினேன். அதே கையோடு, பாவம், இதுவும் சும்மாதானே நிற்கிறது என்று அந்தக் காருக்கும் சொருகினேன். முன்பக்க விளக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்த காற்றுக்குழாயில் ஒரு துணி. மைத்துனன் அன்று ஊருக்குப் போயிருந்தான். வால் வெளியே தொங்கியது. ஆயில் சொட்டிச் சிவப்புப் பெயின்ட் கறையாகிவிடுமே என்று கத்தரிக்கோலை எடுத்து வாலை வெட்டிவிட்டேன். வெட்டிய கையோடு மறந்தும் போனேன்.

ஆகஸ்டில் முசே வந்தார். அவர் சாவியைத் திருகினால் ஸ்டார்டர் சுற்றுகிறது, சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. அரைமணி நேரம் கெஞ்சியபிறகு கரும்புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு இருமல், அப்புறம் தொய்ந்துவிடுகிறது. பைபாஸ் ரோட்டில் ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார். முசே முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் ஆரம்பித்தேன். பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றினேன். அப்படியேதான் இருந்தது. பேட்டரி மாற்றினேன். பிளக்குகளைக் கழற்றினால் நான்கும் அடுப்புக்கரி. அப்படியென்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. இது தெரிந்தும் பெட்ரோலைத்தான் துரத்திக்கொண்டு போனேன். பம்பைப் பிரித்தேன், பில்டரை மாற்றினேன். ஏர் பில்டர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே சுத்தமாக இருந்தது. மூடினேன். அந்தப் பெட்டிக்குக் காற்று கொண்டுவருகிற குழாயில் கை விட எனக்கு என்ன கேடு? விடவில்லை.

நான்காவது நாள் கம்ப்ரஷன் மீட்டர் போட்டுப் பார்த்தேன். சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று காட்டும் மீட்டர் அது. நூற்றெழுபது காட்டவேண்டிய முள் எண்பதில் நின்றது. நான்கு சிலிண்டரிலும் எண்பதுதான்.

"பிஸ்டன் ரிங்கு தேஞ்சிபோச்சு முசே" என்றேன். "யாரோ கன்னாபின்னான்னு ஓட்டிருக்காங்க."

மைத்துனன் மீட்டரை வாங்கிப் பார்த்தான். "நாலும் ஒரே அளவாவா தேயும் மச்சான்? ஒன்னு கூட, ஒன்னு கொறச்சன்னு இருக்காதா?" என்று மெதுவாகக் கேட்டான்.

முசே எதிரில் நிற்கிறார். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "பொத்திக்கிட்டு வேலயப் பாருடா. எனக்குச் சொல்லித்தர வந்துட்டான்" என்றேன்.

அவன் பொத்திக்கொண்டான்.

சாவி யாரிடம் இருந்தது என்று முசே கேட்டார். அப்புறம் குனிந்து டிரைவர் சீட்டைப் பார்த்தார். அவர் குள்ளம். வந்த அன்று அது கடைசிவரை பின்னால் கிடந்ததையும், தான் முன்னால் இழுத்துப் போட்டதையும் சொன்னார். மைத்துனன் முகம் வெளுத்துவிட்டது. "உக்காந்து பாத்தேன் முசே. ஓட்டல. சத்தியமா ஓட்டல" என்றான். ஓடிய தூரம் காட்டும் மீட்டர் அந்தக் காரில் எப்போதோ நின்றுபோனது. அதற்குள் சாவியோடு உட்கார்ந்துவிட்டு ஓட்டாமல் இறங்கினேன் என்றால் யார் நம்புவார்கள்? நானாக இருந்தால் ஓட்டியிருப்பேன்.

முசே என்னைத் தனியாக ஆற்றங்கரைப் பக்கம் கூப்பிட்டுப் போனார். கையில் அந்தப் பேப்பர் இருந்த கவர். "ஓட்டுனது கூடப் பரவால்ல மேஸ்திரி. பொய் சொல்ற ஆள என் பட்டறையில வச்சிக்க முடியாது. எட்டு வருஷமா உங்க கைக்குள்ள இருந்தவன். நீங்க சொல்லுங்க. ஓட்டிருப்பானா?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இன்னும் இரண்டு நாள் கொடுங்கள், பார்க்கிறேன் என்றிருக்கலாம். ஓட்டவில்லை என்றால் என் பட்டறையில் வைத்துத்தான் இன்ஜின் கெட்டது என்றாகும். அந்தப் பயம் இருந்தது. அதற்கும் அடியில், இவன் பிரான்சுக்குப் போய்விடுவான், நான் இங்கேயே கிரீஸில் கிடப்பேன் என்ற எரிச்சலும் இருந்தது. இருந்ததை இல்லை என்று சொல்லி இனி யாருக்கு என்ன லாபம்.

"ஓட்டிருப்பான் முசே" என்றேன்.

அவர் கவரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமே கிளம்பிப் போய்விட்டார். மைத்துனன் அன்று மாலை ஸ்பானர்களைத் துடைத்து, வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் போனவன்தான். பட்டறைக்குத் திரும்பி வரவில்லை. கார் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. எந்த லாஞ்சுக்காரரும் அவனை இன்ஜின் பக்கம் சேர்க்கவில்லை. பைபர் போட்டில் வலை இழுக்கப் போனான். வீட்டில் என் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். இரண்டு மாதத்தில் ஒரே ஒரு தடவை கேட்டாள்: "நீங்க கண்ணால பாத்தீங்களா?" நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அக்டோபர் கடைசியில், மழை விட்ட ஒரு வாரத்தில், இன்ஜினைப் பிரித்தேன். பிஸ்டனை வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். ரிங்குகள் புதிதுபோலவே இருந்தன. சிலிண்டர் சுவரில் கம்பெனியில் கீறிய கோடுகள்கூட அழியவில்லை. அந்த இன்ஜினை ஒருத்தரும் ஒன்றும் செய்யவில்லை. மதியம்வரை அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பப் பூட்டினேன். ஆயில் கசிகிறதா என்று பார்க்க, ஏர் பில்டர் பெட்டியை மாட்டாமலே ஸ்டார்ட் செய்தேன். தொட்டதும் பிடித்தது! மிதித்தால் தகரக் கூரை அதிர்கிறது. பெட்டியை மாட்டினேன். பழையபடி செத்துவிட்டது. கழற்றினேன், உறுமியது. அப்போதும் ஞாபகம் வரவில்லை, மடையன். விளக்கைக் கழற்றி, பின்னாலிருந்த குழாய்க்குள் விரலை விட்டேன். வழவழவென்று ஆயில் துணி. இழுத்தால் வருகிறது, வருகிறது, ஒரு முழம் வருகிறது. முனை மட்டும் கத்தரியால் நேராக வெட்டியிருந்தது.

என் மனைவி சாப்பாடு கொண்டுவந்து வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"அது எம்பொடவயில்ல?" என்றாள்.

ஒவ்வொரு சித்திரையிலும் துணி கிழித்துக் கொடுப்பவள் அவள்தான். அவளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காரைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அட பாவி மனுசா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் என்னை அப்படிச் சொன்னதில்லை. அதோடு விட்டாளே என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்கே பாரிசுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஒளிக்காமல். "ஆளு எடுத்தாச்சே மேஸ்திரி. பேப்பரு வேற ஆளு பேர்ல போட்டாச்சு. நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க" என்றார். இன்னொரு தடவை வாய்ப்பு வருமா என்று கேட்டேன். ஒவ்வொரு வருஷமும் ஆள் எடுக்கிற அளவுக்குத் தன் பட்டறை பெரிது இல்லை என்றார். கடைசியில், "கார் ஓடுதுல்ல? நல்லாருக்குல்ல?" என்று கேட்டார். நல்லா ஓடுது முசே என்றேன். வேறு என்ன சொல்ல.

மைத்துனனிடம் போக எனக்கு எட்டு நாள் பிடித்தது. தினமும் சைக்கிளை எடுப்பேன், கோட்டுச்சேரி கடைத்தெருவரை போவேன், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். எட்டாவது நாள் மனைவி, "இன்னிக்கிச் சொல்லலன்னா நான் போயி அங்கயே இருந்துக்கறேன்" என்றாள். அன்றுதான் கடைத்தெருவைத் தாண்டிக் கோட்டுச்சேரிமேட்டுக்குப் போனேன்.

போட்டை ஏற்றிவிட்டு மணலில் உட்கார்ந்து வலையில் சிக்கிய நண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். கைகள் கயிறு அறுத்துக் கன்றிப்போயிருந்தன. எட்டு வருஷம் மைக்ரோமீட்டர் பிடித்த கை. "வாங்க மச்சான்" என்றான், எழுந்திருக்காமல். நின்றபடியே சொன்னேன். துணியைச் சொன்னேன், வாலை வெட்டியதைச் சொன்னேன், போன் பேசியதைச் சொன்னேன். ஆற்றங்கரையில் முசேயிடம் நான் சொன்ன அந்த வார்த்தையையும் சொன்னேன். அது அவனுக்கு அதுவரை தெரியாது. நண்டின் காலைப் பிடித்தபடி அப்படியே இருந்தான்.

"நீங்களா சொன்னீங்க?"

"நாந்தான்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டு மறுபடியும் வலையைப் பிரிக்க ஆரம்பித்தான்.

"நாலும் ஒரே அளவா கொறஞ்சப்பவே காத்து வரலன்னு தோணிச்சி. இன்னொரு வாட்டி சொல்லிருப்பேன். அவரு முன்னால ஒங்களுக்கு அசிங்கமாப் போயிடும்னு வுட்டுட்டேன்" என்றான்.

நான் அவன் எதிரில் மணலில் உட்கார்ந்தேன்.

"ஒருநாளு நீங்க சாப்புடப் போயிருந்தீங்க. சாவியப் போட்டுட்டு ரொம்ப நேரம் உக்காந்துருந்தேன். பட்டற கேட்டு தொறந்து கெடந்துது, ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. ஒங்க பட்டறக்கிக் கெட்ட பேரு வந்துருமேன்னு எறங்கிட்டேன்." நண்டைக் கூடையில் போட்டான். "ஓட்டிருக்கலாம் மச்சான். ஒரு தடவையாவது ஓட்டிருக்கலாம்."