அண்ணன் வேண்டாமென்ற ஃபில்டர்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உங்களில் பலர் அவரை வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் முகம் சுளிக்காமல் மனு எழுதிக் கொடுத்தவராக அறிவீர்கள். தங்கையாகிய நான் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அப்பா போனபோது அண்ணனுக்குப் பதினேழு வயது. என்னைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார். கணவரை இழந்து நான் திரும்பி வந்தபோது ஒரு கேள்வியும் கேட்காமல் தம் அறையை ஒழித்துக் கொடுத்தார். தமக்கென்று அவர் வைத்துக்கொண்டது, உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக நடத்திய ஓர் அமெச்சூர் ரேடியோ செட் மட்டும்தான். தினமும் காலை ஆறு மணிக்குத் தூத்துக்குடி நண்பர் ஒருவரோடு மோர்ஸ் தந்திக் குறிகளில் தட்டிப் பேசுவார். பல வருடப் பழக்கம். நேரில் பார்த்ததில்லை, கைப்பேசி எண்ணைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த ரேடியோவின் இரைச்சல் எனக்கு ஆகாது. அதைக் குறைக்க, குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர் உண்டென்று தெரிந்து, அவர் பிறந்தநாளுக்கு இருப்பதிலேயே குறுகலான ஒன்றை வரவழைத்தேன். எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது என்று நினைத்துவிட்டேன். அண்ணன் சிரித்துக்கொண்டே பொருத்தினார். ஆனால் காலை வேளையில் அதை அணைத்தே வைப்பார்.

"இவ்ளோ குறுகல் வேணாம்மா. அவரு செட்டு அவரே செஞ்சது, அலைவரிசை கொஞ்சம் தள்ளித்தான் வரும். இதப் போட்டா சத்தமும் கம்மியாவும், அவரும் காணாமப் போயிடுவாரு" என்றார். நான் பாதிதான் காதில் வாங்கினேன்.

பிறகு பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று, வலக்கை விழுந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த பின், ஆறு மணிக்கு ரேடியோவை நான்தான் போட்டுவிடுவேன். நோயாளிக்கு இரைச்சல் ஆகாதென்று ஃபில்டர் பொத்தானையும் அழுத்தினேன். அண்ணன் இடக்கையை ரேடியோ பக்கம் நீட்டினார். இன்னும் சத்தம் ஜாஸ்தி என்கிறார் போல என்று ஒலியையும் குறைத்தேன். பத்துப் பதினைந்து நாள் அப்படியே கையை நீட்டினார். அப்புறம் நீட்டவில்லை.

காரியத்துக்கு வந்து தங்கிய அவருடைய வேலூர் ரேடியோ நண்பர், மறுநாள் காலை செட்டைப் போட்டார்.

"இந்த ஃபில்டர யாருங்க போட்டு வச்சது?" என்று கேட்டுக்கொண்டே பொத்தானை விடுவித்தார்.

இரைச்சல் திரும்ப வந்தது. அதற்குள்ளே, சற்றுத் தள்ளி, மெல்லிய கீச்சொலி. தூத்துக்குடிக்காரர் அண்ணனின் அழைப்புக்குறியைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாளும் விடாமல் கூப்பிட்டிருக்கிறார். வேலூர் நண்பர்தான் அதைக் கேட்டு எனக்குச் சொன்னார்; அண்ணன் போன செய்தியைத் தம் உரிமத்தில் அவருக்குத் தட்டியும் சொன்னார்.

அண்ணனைத் தூக்கிப் புரட்டிப் படுக்கவைத்த பக்கத்து வீட்டுத் தம்பிகளுக்கும், அடி அண்ணாமலையிலிருந்து தினமும் வந்த நர்ஸம்மாவுக்கும், காரியத்தை முன்நின்று நடத்திய பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தூத்துக்குடி ஐயாவுக்கும்தான். விஷயம் தெரிந்த பின்னும் அவர் ஆறு மணிக்கு அண்ணனைக் கூப்பிடுகிறார். பதிலுக்குக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார். எனக்கு மோர்ஸும் தெரியாது, உரிமமும் இல்லை. ஃபில்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்கிறேன்.

கடைசி நாட்களில் அண்ணன் அமைதியாக இருந்தார் என்று நீங்கள் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். அந்த அமைதி நான் போட்டது.