அத்தான் வாங்கிய கைத்துப்பாக்கி

கடைக்காரர் மூன்று கைத்துப்பாக்கிகளை எடுத்துப் பச்சைத் துணியின் மேல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் பற்றிப் பிரெஞ்சில் விளக்கினார். அக்காவின் கணவரான என் அத்தானுக்கு அந்த மொழி பிடிபடவேயில்லை. டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களின் உட்புறத்தைத் துப்புரவு செய்து வந்தவர். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் அவர்களுடைய வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த என்னை மொழிபெயர்க்கக் கூட்டிப் போயிருந்தார்.

அதற்குச் சில மாதங்கள் முன்னர்தான் உரிமத்துக்கு விண்ணப்பித்திருந்தார். படிவத்தில் மனைவியும் கையெழுத்திட வேண்டும். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அக்கா என்னிடம் கேட்டாள். "தம்பி, எனக்குப் பயமாக் கிடக்கு. வைக்கட்டோ, விடட்டோ?" அவளுடைய கழுத்தில் விரல்கள் பதிந்திருந்ததைக் கண்டேன். கண்டும், "வையுங்கோ அக்கா. கிளப்புக்குப் போய்ச் சுட்டால் அவற்ர கோபம் ஆறும்" என்றேன். அவள் கையெழுத்திட்டாள்.

கடையில் இருந்தவற்றுள் புதியது அத்தானின் வசதிக்கு எட்டவில்லை. இன்னொன்று மலிவுதான், ஆனால் பழுதானால் பாகங்கள் கிடைக்காதாம். எஞ்சியது யாரோ ஒரு காவலாளி பாவித்து விற்ற ரிவால்வர். அதையே எடுக்கச் சொன்னேன். எதற்காக வாங்குகிறார் என்று கடைக்காரர் கேட்டார். அத்தான் சிரித்தார்.

"சுடுறதுக்கில்லை எண்டு சொல்லு. வீட்டில கிடக்குது எண்டு அவளுக்குத் தெரிஞ்சால் காணும்."

"குறி பார்த்துச் சுடும் விளையாட்டுக்கு" என்று மொழிபெயர்த்தேன். பிறகு தேய்ந்த பிடியைக் காட்டிப் பேரம்பேசி விலையையும் குறைத்தேன். அத்தான் தோளில் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கம் வர எத்தனையோ வருடங்கள் எடுத்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில், சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து அதைத் துடைப்பார். கறியில் உப்புக் கூடினால் ஒன்றும் பேசமாட்டார். எண்ணெய்த் துணியை எடுப்பார், அவ்வளவுதான். அக்காவை அடிப்பதை நிறுத்திவிட்டார். என் யோசனை பலித்துவிட்டதென்று நினைத்தேன்.

அடுத்த பனிக்காலத்தில், அவர்களுடைய நான்கு வயது மகள், பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் கார்டெரியில், யாராவது மேசை துடைத்தால் ஓடி ஒளிந்துகொள்வதை ஆசிரியை கவனித்திருக்கிறார். அக்காவைத் தனியே அழைத்து விசாரித்தார். அக்கா, தனக்குச் சரிவர வராத பிரெஞ்சில், என்னைக் கூப்பிடாமல், எல்லாவற்றையும் சொன்னாள். அன்று மாலையே பொலிஸ் வந்து அத்தானையும் ரிவால்வரையும் கொண்டுபோனது. வீட்டில் அது ஒருமுறைகூட வெடித்திருக்கவில்லை.

பல வருடங்கள் கழித்து அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அதுக்குப் பிறகு அவர் உங்களில கை வைக்கேல்லைத்தானே?" என்றும் கேட்டுவிட்டேன்.

அக்கா என்னை நேராகப் பார்த்தாள்.

"அடிச்ச காலம் நல்லம், தம்பி. அடிச்சு முடிஞ்சால் அவர் படுத்திடுவார், நானும் நித்திரை கொள்ளுவன். அது வந்தாப் பிறகு நான் ஒரு நாளும் கண்மூடேல்லை."